புழு மருந்துக்கும் சமபங்கு

அன்றைக்குப் புளியமரத்தடியில் இருந்தவர்களை இன்றும் என்னால் ஒருவர் விடாமல் சொல்ல முடியும். என் அக்காவின் கணவர், அதாவது மாமா. எங்கள் ஜட்கா வண்டி ஸ்டாண்டுக்கு அவர்தான் பெரியவர். வேலூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்து ஆரணியிலேயே தங்கிவிட்ட பாய். குட்டையான மட்டக்குதிரை வைத்திருந்த பெரணமல்லூரார். மாமாவுக்குக் கூழ் கொண்டுவந்து, தூக்கு காலியாகட்டும் என்று நின்றுகொண்டிருந்த அக்கா. நான். குதிரைகளில் மாமாவின் வெள்ளை, பாயின் கறுப்பு, பெரணமல்லூராரின் மட்டம், என்னுடைய செவலை. அவ்வளவுதான். அவசியம் இருந்திருக்க வேண்டியவர் மாட்டாஸ்பத்திரி டாக்டர், அவர் இல்லை. எங்கள் ஐந்தாவது வண்டிக்காரரோ கால் ஒடிந்து வீட்டில் படுத்திருந்தார், குதிரையையும் விற்றுவிட்டிருந்தார். அவருக்கு அங்கே ஒரு பங்கு இருந்தது. நடுவில் விரித்த செய்தித்தாளின் மேல் வெள்ளையாகக் குவிந்திருந்தது குதிரைக்குக் கொடுக்கிற புழு மருந்து. ஒரே ஒரு குதிரைக்கென்று, என் செவலைக்கென்று, டாக்டர் அளந்து கொடுத்தது. ஜரிகை நிறுக்கிற சின்னத் தராசை எங்கிருந்தோ இரவல் வாங்கிவந்து, மாமா அதை ஐந்தாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கவலைப்படுவதற்குப் படிப்பு தேவையில்லை என்பதால் அதை மட்டும் விடாமல் செய்துவந்தேன். அப்பா போன பிறகு வண்டி என் கைக்கு வந்தது. அவருடைய கிழட்டுக் குதிரை அவர் பின்னாலேயே போய்விட, கடன் வாங்கித்தான் செவலையைப் பிடித்தேன். மெட்ராஸில் ரேஸ் ஓடிய குதிரையின் வம்சம் என்று சொல்லி விற்றார்கள். வம்சம் எப்படியோ, உயரம் மட்டும் நிஜம். எங்கள் ஸ்டாண்டில் நின்ற நான்கில் அவள்தான் பெரிய உடம்பு. அவள் விழுந்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் நான் தறிக்குழியில்தான் இறங்க வேண்டும். ஆரணியில் வேறு என்ன இருக்கிறது? ஆனால் பட்டு இழையைத் தொட்டால் அறுக்கிற விரல் எனக்கு. சின்ன வயதில் இரண்டு இடத்தில் வேலைக்கு விட்டு, இரண்டு இடத்திலும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். ஆகவே அம்மாவும் நானும் சாப்பிட்டது செவலையின் நான்கு கால்களை நம்பித்தான்.

அந்தச் செவலைக்கு ஒரு மழைக்காலம் முடிந்ததிலிருந்து உடம்பு சரியில்லை. கொள்ளு தின்கிறாள், புல் தின்கிறாள், விலா எலும்பு மட்டும் வெளியே தெரிகிறது. வயிறோ பானை மாதிரி தொங்குகிறது. மினுமினுவென்று இருந்த ரோமம் நனைந்து காய்ந்த கோணிபோல் ஆகிவிட்டது. எந்நேரமும் வாலடியை மரத்தில் தேய்த்துத் தேய்த்து அந்த இடம் வழுக்கையாகிவிட்டது. லத்தியைக் குச்சியால் கிளறிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக நூல் மாதிரி ஏதோ நெளிகிறது. காலையில் எழுந்ததும் நான் முதலில் போய்ப் பார்ப்பது அதைத்தான். அக்கா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்: “எல்லாரும் சாமி மொகத்துல முழிப்பாங்க. என் தம்பி லத்தி மொகத்துல முழிக்கிறான். எப்படி உருப்படும்?”

டாக்டர் வந்து பார்த்தார். இளவயது, வெளியூர்க்காரர், சைக்கிளில் வருவார். தையற்காரர் மாதிரி ஒரு நாடாவை எடுத்து, செவலையின் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்தார். உடம்பின் நீளத்தை அளந்தார். ஏதோ கணக்குப் போட்டு எடையைச் சொன்னார். பிறகு ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, நான் மண்டையாட்டுகிற வேகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டோ என்னவோ, இரண்டாவது தடவையும் சொன்னார்.

“இது மொத்தமும் இந்த ஒரு குதிரைக்கு. ஒரே வேளையில உள்ள போயிடணும். பாதி கொடுத்தா பாதிப் புழு சாகும்னு நெனைக்காதீங்க. ஒண்ணும் சாகாது. கொஞ்ச நேரம் தலை சுத்திப் படுத்துட்டு எழுந்து உட்கார்ந்துக்கும்.”

“சரிங்க.”

“மத்த குதிரைங்களுக்கும் கொடுக்கணும். எல்லாம் ஒரே ஆத்துலதானே மேயுது? ஒண்ணு போடற லத்தியில இருந்து இன்னொண்ணுக்கு ஏறும். ஸ்டாக் வரட்டும், எல்லாத்துக்கும் சேர்த்து தர்றேன். அதுவரைக்கும் லத்தியை அள்ளித் தூரமா போடுங்க.”

அவ்வளவு தெளிவாகச் சொன்னார். ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். ஆனால் எங்கள் ஸ்டாண்டில் புரிவது வேறு, நடப்பது வேறு.

மாமாவின் சட்டம் ஒன்று இருந்தது: ஸ்டாண்டுக்கு வந்தது எதுவும் தனி ஒருத்தனுக்கு இல்லை. அன்றாடச் சவாரி முறைப்படி அவரவர்க்கு; அதிலும் வண்டி ஓட்ட முடியாதவனுக்கு ஒரு பங்கு எடுத்து வைக்க வேண்டும். அதற்கு மேல் கல்யாணச் சவாரி, திருவிழாக் கூலி, மொத்தமாக வாங்குகிற கொள்ளு மூட்டை, போலீஸ்காரர் போடுகிற அபராதம் வரைக்கும் எல்லாம் சமபங்கு. ஒரு பொங்கலுக்குப் பட்டுக்கடை முதலாளி ஒருவர் பாய்க்கு ஒரு வேட்டி கொடுத்தார். மாமா கத்தரிக்கோல் கொண்டுவரச் சொல்லி அதை ஐந்தாக வெட்டினார். இடுப்புக்குப் பற்றாது, கைக்குட்டைக்கு அதிகம். பாய் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுவதா சிரிப்பதா என்று நின்றது என் கண்ணிலேயே இருக்கிறது.

ஆனால் அதே சட்டம்தான், அப்பா செத்த பிறகு நான் கடிவாளம் பிடிக்கப் பழகும் வரைக்கும், வண்டி ஓட்டாத எனக்கு ஒரு பங்கு எடுத்து வைத்தது. தினமும் பொழுது சாயும்போது மாமா வாசலில் நின்று காசை அம்மா கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போவார். அந்தக் காசில் வாங்கிய அரிசியைச் சாப்பிட்டவன் நான். எந்த வாயால் அவரை எதிர்த்துப் பேசுவது? அதனால்தான் டாக்டர் கொடுத்த பொட்டலத்தை மாமா “இன்னாடா அது கையில?” என்று கேட்டு வாங்கிப் பிரித்தபோது கெஞ்சுகிற குரலில்தான் சொன்னேன்.

“மாமா, இது செவலைக்குன்னு அளந்து குடுத்ததுங்க.”

“ஒன் செவலை எங்க நிக்குது?”

“ஸ்டாண்டுலதான்.”

“அப்ப ஸ்டாண்டுக்கு வந்த பொருளு. முடிஞ்சிச்சி. நீ குந்து.”

பாய் எனக்காகப் பரிந்து பேசுகிறாரா இல்லையா என்று அவருக்கே தெரியாமல் பேசினார். “தம்பி சொல்றதும் ரைட்டுதான். ஆனா என் கறுப்பும் வால தேச்சிகினுதான கீது? அதுக்கும் புழுதான?”

பெரணமல்லூரார் தராசின் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “என் தட்டு கொஞ்சம் மேல தூக்கிகினு கீற மாதிரி இருக்குதே,” என்றார். மாமா என் குவியலிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அவருடையதில் போட்டார். ஜரிகைக்கு அப்படித்தான் பார்ப்பார்கள். ஒரு குன்றிமணி எடை கூடினாலும் குறைந்தாலும் சண்டை வரும். ஆனால் ஜரிகையைக் குதிரை தின்பதில்லை.

அக்காதான் கேட்டாள்: “அஞ்சாவது பொட்டலம் யாருக்குங்க?”

“கால் ஒடஞ்சவருக்கு.”

“அவருக்குக் குதிரையே இல்லியே. இட்லிக்குத் தொட்டுக்குவாரா?”

“அது அவரு பங்கு. அவரு இன்னா வேணா பண்ணிக்கட்டும். நீ தூக்க எடுத்துகினு கெளம்பு.”

கால் ஒடிந்தவர் வீட்டுக்கு அந்தப் பொட்டலம் போய்ச் சேர்ந்தது. கொண்டுபோனவர் பாய், இன்னதென்று சொல்லாமல் “ஸ்டாண்டுல குடுத்தாங்க” என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வெள்ளையாக, மெல்லிசாக, காகிதத்தில் மடித்து வந்த பொடி. எங்கள் ஸ்டாண்டுக்காரர்கள் யாரோ கோயிலுக்குப் போய்வந்து திருநீறு கொடுத்தனுப்பியிருக்கிறார்கள் என்று அந்த வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். பக்தியாக நெற்றி நிறையப் பூசிக்கொண்டு கிடந்திருக்கிறார் மனுஷன். செவலையின் வயிற்றுக்குள் போக வேண்டியதில் ஒரு பகுதி அப்படி ஒருவர் நெற்றியில் போயிற்று.

மிச்சத்தைத் தவிட்டில் வெல்லம் கலந்து நான்கு குதிரைகளுக்கும் வைத்தோம். மறுநாள் எல்லா லத்தியிலும் நான்கைந்து புழு வெளியே வந்து கிடந்தது. ஸ்டாண்டே குதித்தது. “பாத்தியாடா? ஒரு குதிரை மருந்துல நாலு குதிரைக்கு வேல முடிஞ்சிச்சி. டாக்டருக்குக் கணக்கு தெரில,” என்றார் மாமா. நான் லத்தியைக் கிளறிக்கொண்டே இருந்தேன். உள்ளே இருப்பவை எத்தனை என்பதுதான் என் கவலை. வெளியே வந்தவை வழி தவறி வந்தவைபோலத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் பயந்தபடியே ஆயிற்று. கொஞ்ச நாளில் செவலை முன்னைவிட மோசம். டாக்டரிடம் போய் நின்றேன். நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியவில்லை. “நாலு பேரும் சேர்ந்து நாலு குதிரைக்கும் மருந்து வாசனை காட்டியிருக்கீங்க,” என்றார். இப்படி அரைகுறையாகக் கொடுத்துக்கொண்டே போனால் புழு மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் முழுசாகக் கொடுத்தாலும் கேட்காது என்றார். அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு? அன்றிலிருந்து என் கனவில் புழுக்கள் சப்பணமிட்டு உட்கார்ந்து அந்தப் பொடியைச் சப்புக்கொட்டித் தின்றன.

இரண்டாவது முறை டாக்டர் எந்த ஓட்டையும் வைக்கவில்லை. ஸ்டாண்டுக்கே வந்து நான்கு குதிரைகளையும் நாடா வைத்து அளந்தார். நான்கு பொட்டலம். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை, கறுப்பு, மட்டம், செவலை என்று எழுதினார். செவலையின் பொட்டலம் பெரியது, மட்டத்தினுடையது அதில் பாதி. நாளைக் காலையில், வெறும் வயிற்றில், அதனதன் பொட்டலம் அதனதற்கு. சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் எனக்குச் சேவூருக்கு ஒரு சவாரி வந்தது. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் முறை என்னுடையது. விட்டால் அன்றைய கூலி போகும்.

திரும்பி வந்தால், செய்தித்தாள் விரித்திருக்கிறது. நான்கு பொட்டலமும் பிரித்துக் கொட்டி ஒன்றாகக் கலந்தாயிற்று. தராசு வந்தாயிற்று. ஐந்து குவியல்.

“மாமா! பேரு எழுதிக் குடுத்தாரே மாமா!”

“பேரு எழுதினா ஆச்சா? பெரணமல்லூரார் பொட்டலம் பாதிதான் கீது. அவரு இன்னா பாவம் பண்ணாரு?”

“அது சின்னக் குதிரைங்க. செவலை அதைப்போல ரெண்டு மடங்கு.”

“அப்ப பெரிய வாய்க்குப் பெருசு, சின்ன வாய்க்குச் சிறுசா? நாள பின்ன கொள்ளு மூட்டையையும் அப்படித்தான் பிரிக்கச் சொல்லுவ.”

“சேணம் மட்டும் அளவு பாத்துத்தானே தைக்கிறோம்? மட்டத்தோட சேணத்த செவலை மேல போடுவீங்களா?”

மாமா மட்டத்தின் முதுகைப் பார்த்தார், செவலையின் முதுகைப் பார்த்தார். எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பிறகு சொன்னார்: “சேணம் வெளிய. மருந்து உள்ள. உள்ள போனப்பறம் அளவு யாருக்குத் தெரியுது?”

பெரணமல்லூரார் வேறு “மச்சான்காரன் படிச்சவன் மாதிரி பேசறான்” என்று நக்கலடித்தார். மறுநாள் மட்டக்குதிரைக்கு அளவு கூடி, பாவம், இரண்டு நாள் கழிந்துகொண்டே நின்றது. பெரணமல்லூரார் அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டார்: “உள்ள இருந்ததெல்லாம் பெருக்கி எறிஞ்சிடுச்சி.” செவலைக்குப் போனது தேவைக்குக் குறைவு, மறுபடியும் சும்மா தலைசுற்றல் மருந்து. கால் ஒடிந்தவர் வீட்டுக்குப் பொட்டலம் போனது. இந்தத் தடவை விஷயம் தெரிந்து, அவர் மனைவி அதை மாட்டுக்கொட்டகைக் கூரை எரவாணத்தில் செருகி வைத்தாள் என்று கேள்விப்பட்டேன். போய்க் கேட்டு வாங்கிவந்துவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. போகவில்லை. பங்கு என்று ஆன பிறகு அதைத் தொட அந்த ஸ்டாண்டில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

அந்தக் கோடையில், பட்டுக்கடைக் கணக்குப்பிள்ளை ஒருவரையும் அவருடைய புடவை மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போகும்போது, சேவூர்ச் சாலையில் பட்டப்பகலில் செவலை நின்றாள். சாட்டையை நான் எடுக்கவில்லை. நாக்கால் ஓசை கொடுத்தேன். ஒரு அடி வைத்தாள். முன்னங்கால் மடங்கியது. வண்டியின் இரண்டு ஏர்க்காலுக்கும் நடுவே மெதுவாக, படுக்க இடம் பார்க்கிற கிழவி மாதிரி, உட்கார்ந்து சாய்ந்தாள். கணக்குப்பிள்ளை மூட்டையோடு சரிந்து என் முதுகில் விழுந்தார். “குதிரைக்குத் தீனி போட வக்கில்லன்னா இன்னாத்துக்குய்யா வண்டி கட்ற?” என்று கத்தினார். நான் வார்களை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவள் எடையில் இறுகிப்போன கொக்கி கழலவில்லை. அவளுடைய ஈறைத் தூக்கிப் பார்த்தேன். வெளுத்துச் சுண்ணாம்பாக இருந்தது. டவுன் பஸ் ஒன்று எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. ஜன்னல் வழியாக எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இதோ தறிக்குழி, இதோ அறுந்த இழை, இதோ அம்மா என்று ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்றன.

டாக்டர் வந்து ஊசி போட்டார். தண்ணீர் காட்டி, மெல்ல எழுப்பினோம். ஒரு வாரம் வண்டியில் பூட்டக் கூடாது, நல்ல தீனி போட்டுத் தேற்றி அப்புறம் மருந்து கொடுக்க வேண்டும் என்றார். நான்கு குதிரைக்கும் மறுபடி தருவதாகச் சொன்னார். போகும்போது என் பக்கம் திரும்பி, கோபம்கூட இல்லாமல், “இன்னொரு தடவை பங்கு போட்டீங்கன்னா அதுக்கப்புறம் என்னைக் கூப்பிட வேண்டாம். வண்டி விலைக்கு வாங்கறவனைக் கூப்பிடுங்க,” என்றார்.

அந்த வாரமும் எனக்கு என் பங்கு வந்தது. ஓடாத வண்டிக்கு, மாமா கையால், அதே மாதிரி வாசலில் நின்று. அதுதான் என்னை இன்னும் பேஜாராக்கியது. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேனே.

மருந்து கொடுக்கிற நாளுக்கு முந்தின மாலை, நான்கு பொட்டலங்களையும் நானே போய் வாங்கிவந்தேன். மூன்றைக் கொடுத்தேன். செவலையினுடையதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். செய்தித்தாள் விரித்தாயிற்று. மாமா கையை நீட்டினார்.

“குடு.”

“தர மாட்டேன் மாமா.”

எனக்கே என் குரல் அடுத்த தெருவிலிருந்து கேட்ட மாதிரி இருந்தது.

“இன்னாடா சொன்ன?”

“தர மாட்டேங்க. இத நீங்க பிரிச்சீங்கன்னா அவ செத்துடுவா. அவ செத்தா நான் இல்ல. வேணும்னா என்ன ஸ்டாண்ட விட்டு எடுத்துடுங்க. கல்யாணச் சவாரி வேணாம், கொள்ளு வேணாம், எதுவும் வேணாம். இந்தப் பொட்டலம் மட்டும் முழுசா வேணும்.”

பாய் எழுந்து கறுப்பின் பக்கம் போய், அதன் கழுத்தைச் சும்மா தடவ ஆரம்பித்தார். பெரணமல்லூரார் “பாத்தியா, சோறு போட்ட கைக்கு…” என்று தொடங்கினார். அக்கா தூக்கைக் கீழே வைத்தாள்.

“நீங்க சும்மா இருங்க அண்ணே. என் தம்பி பொறந்ததுலருந்து இன்னைக்குத்தான் வாயத் தொறந்து பேசறான். முழுசா பேசி முடிக்கட்டும்.”

ஆனால் நான் அதற்குள் முழுசாகப் பேசி முடித்திருந்தேன். பொட்டலத்தை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா என்னைப் பார்க்கவில்லை, செவலையைப் பார்த்தார். ஒரு பீடி பற்ற வைத்து அது பாதி ஆகும்வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். விலக்கி வைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“சரி. முழுசா குடு,” என்றார். “மத்தவங்களும் அவனவன் பொட்டலத்த அவனவன் குதிரைக்கே குடுங்க. ஆனா பங்குக்கு மேல எடுத்தவன், பங்கு கொறஞ்சவனுக்கு வெல குடுத்துடணும். பாய், ஜல்தியா பஜாருக்குப் போய் மருந்துக்கடையில இதுக்கு இன்னா வெலன்னு கேட்டுகினு வாங்க.”

நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? அது அரசாங்க ஆஸ்பத்திரி சும்மா கொடுத்த மருந்து. அதற்கு விலை கேட்டுவர பாய் போனார், வந்தார். பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்காமல் தராசில் வைத்து நிறுத்து, ஐந்தால் வகுத்து, யாருக்கு மேலே யாருக்குக் கீழே என்று மாமா வாயாலேயே கணக்குப் போட்டார். அவர் வெள்ளைக்கே பங்குக்கு மேல் கொஞ்சம் போயிருந்தது. மடியிலிருந்து சில்லறை எடுத்து முதலில் அவர்தான் வைத்தார். பாய் வைத்தார். பெரணமல்லூராருக்குச் சேர வேண்டியது அங்கேயே சேர்ந்தது. மட்டக்குதிரைக்குக் குறைந்துபோன வருத்தம் அவருக்கு அந்த நிமிஷமே தீர்ந்தது. ஆனால் ஐந்தாவது ஆள் ஒருவர் இருந்தாரே? தன் பங்கில் ஒரு சிட்டிகைகூட எடுத்துக்கொள்ளாதவர். குதிரையே இல்லாதவருக்கு, கொடுக்காத புழு மருந்துக்காக, எல்லோரையும்விட அதிகம் மேலே எடுத்தவன் என்ற வகையில் நான் தர வேண்டியது மூன்று ரூபாய் இருபது காசு என்று முடிவாயிற்று. ஒருவர் இன்னொருவருக்குத் தர வேண்டிய பங்குக் கடன் எல்லோர் முன்னாலும் ஸ்டாண்டில் வைத்துத்தான் கைமாற வேண்டும். ஆகவே கால் சரியாகி அவர் வந்ததும் கொடுக்க வேண்டும்.

இதை டாக்டரிடம் சொன்னேன். “மருந்து உள்ள போச்சா?” என்று மட்டும் கேட்டார்.

உள்ளே போயிற்று. மறுநாள் வெளியே வந்ததைப் பற்றி நான் விவரமாக எழுதப் போவதில்லை. அக்காவே வாயை மூடிக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தொங்கிய வயிறு ஏறியது, வாலடியில் ரோமம் முளைத்தது, ஆவணி பிறப்பதற்குள் செவலையின் முதுகில் வெயில் பட்டால் கண் கூசியது. கணக்குப்பிள்ளை வெட்கமில்லாமல் மறுபடி என் வண்டியிலேயே ஏறினார். அதற்குப் பிறகு பல வருடம், பருவத்துக்கு ஒரு முறை, நான்கு குதிரைக்கும் ஒரே நாளில், அதனதன் உடம்புக்கு ஏற்றபடி மருந்து. ஒவ்வொரு முறையும் தராசு வரும், பஜார் விலை வரும், சில்லறை கைமாறும். லத்தி அள்ளுவதற்கும் முறை வைத்தார் மாமா. மாவட்டத்தில் எந்த ஊர் வண்டிக் குதிரைகளும் இவ்வளவு சுத்தமான வயிற்றோடு இருந்திருக்காது என்று டாக்டர் மாற்றலாகிப் போகும்போது சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

கால் ஒடிந்தவர் ஸ்டாண்டுக்கு வரவில்லை. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. தேவிகாபுரத்தில் இருந்த மகள் வீட்டோடு போய்விட்டார். எனக்கோ அந்த மூன்று ரூபாய் இருபது காசு முள் மாதிரி. கடன் என்றால் எனக்குத் தூக்கம் வராது. ஒருநாள் செவலைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, காசைத் துண்டில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன்.

கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். மகளைக் கூப்பிட்டு, “ஆரணி ஸ்டாண்டுலருந்து வந்துக்கீறாங்க, மோர் குடு” என்றார். காசை நீட்டினேன். சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இத இங்க எதுக்கு எடுத்துகினு வந்த? ஸ்டாண்டுல, நாலு பேரும் இருக்கறப்ப குடு. அதான மொறை?”

“நீங்க எப்பண்ணே அங்க வரப் போறீங்க?”

“வருவேன்டா. கால் கொஞ்சம் நேராவட்டும்.” நேராகாத காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். அவரிடம், கொஞ்சம் உரக்கவே சொன்னார்: “நம்ம ஸ்டாண்டுப் பையன். அங்க எனக்கு இன்னும் வர வேண்டிய பங்கு கீது. அது விஷயமா வந்துக்கினு போவாங்க.”

மோரைக் குடித்துவிட்டு, காசை மறுபடி முடிந்துகொண்டு, பஸ் கட்டணமும் தண்டம் என்று முனகியபடியே ஊர் திரும்பினேன். மாமாவிடம் சொன்னதும் என்மேல் பாய்ந்தார். அவர் என்னை நிஜமாகத் திட்டியது அந்த ஒரு தடவைதான்.

“காச எடுத்துகினு அங்க போனியா? அறிவு கீதாடா ஒனக்கு? அவரு வாங்கிகினாரா?”

“இல்லீங்க.”

“வாங்கல இல்ல?”

“இல்லீங்க மாமா.”

அப்படியே உட்கார்ந்துவிட்டார். “அப்ப சரி. அவரு இன்னும் நம்ம ஸ்டாண்டுதான்,” என்றார்.

கால் ஒடிந்தவர் சில வருடம் கழித்து தேவிகாபுரத்திலேயே காலமானார். மகளிடமாவது கொடுத்துவிடுகிறேன் என்றதற்கு, “அவ எந்த ஸ்டாண்டு?” என்று கேட்டார் மாமா. அப்புறம் ஆட்டோ வந்தது. பாய் வேலூருக்குப் போனார், பெரணமல்லூரார் மட்டத்தை விற்றுவிட்டு ஊரோடு போனார், செவலையை ஓய்வில் ஆற்றங்கரையில் மேயவிட்டேன். மாமாவும் போய்ச் சேர்ந்தார். கடைசி வரைக்கும் அந்தக் கணக்கைத் தள்ளுபடி செய்ய ஒப்புக்கொள்ளவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இப்போது என் வீட்டுப் பேரப்பிள்ளைகள் சில்லறைக் காசு என்றால் என்னவென்று கேட்கிறார்கள். கொடுக்க வேண்டிய இடம் இல்லை, வாங்க வேண்டிய ஆள் இல்லை, பார்த்து நிற்க வேண்டிய நாலு பேரும் இல்லை. மூன்று ரூபாய் இருபது காசு பாக்கி.